துண்டுக்கு அடியில் போன எண்ணெய்

ஒரு காலத்தில் மருதவேலி நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குப் பல் வலித்தால் முறுக்குக்கு வரி, தூக்கம் கெட்டால் நாய்க்கு வரி. இன்றைக்கு என்ன வருமோ என்று ஜனங்கள் தண்டோராச் சத்தத்துக்குப் பயந்துகொண்டே பல் விளக்கினார்கள்.

வரிக்கு அதிகாரி ஆளவந்தார். குடைக் கட்சிக்கும் அவரே தலைவர். கட்சிக்கு வரும் நன்கொடைக்கு மட்டும் வரி கிடையாது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அப்படித்தான் பணக்காரர்கள் அவருக்குக் கொடுப்பார்கள். துண்டுக்கு அடியில் போனது நன்கொடை, கொடுத்தது யார் என்று எவனும் கேட்கக் கூடாது என்று ராஜாவிடம் ஓலை வாங்கி வைத்திருந்தார்.

ஒருநாள் செக்குக்கு வரி வந்தது. விற்கிற எண்ணெய்க்கு மாடு சுற்றின ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு காசு. செக்கு ஆட்டும் மாடத்தி தவணை கேட்டு ஆளவந்தார் வாசலில் மூன்று நாள் வெயிலில் நின்றாள். ஒரு வாய் தண்ணீர் தரவில்லை. வெள்ளிக்கிழமை செக்கைப் பிடுங்கிக்கொள்வோம் என்று ஆள்விட்டுச் சொன்னார்.

மறுநாள் மாடத்தி கடையில் ‘செக்குக் கட்சி’ என்று பலகை தொங்கியது. எண்ணெயும் காசும் துண்டுக்கு அடியில் கைமாறின. வரிக்காரன் வந்தபோது, இது விற்பனை இல்லை, நன்கொடை என்றாள். அவன் ஓலையைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனான். இரண்டே நாளில் பானைக் கட்சி, பூசணிக் கட்சி, கருவாட்டுக் கட்சி என்று சந்தை முழுக்கக் கட்சி. கஜானாவுக்கு ஒரு காசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மாடத்தியைச் சபைக்கு இழுத்துவந்தார்கள். கஜானா காலியான கவலையில் ராஜா உட்காரவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் தவித்தார். ஆளவந்தார் முந்திக்கொண்டார்.

“இது பச்சை வியாபாரம், மகாராஜா. கொடுத்தவன் பதிலுக்கு ஒன்றை வாங்கிக்கொண்டு போனால் அது நன்கொடையா? இரட்டை வரி போடுங்கள்.”

“அதையே சட்டமாக்கிவிடலாமா, ஐயா?” என்றாள் மாடத்தி.

“இந்த நிமிஷமே.”

ராஜா முத்திரையைக் குத்தினார்.

“என் எண்ணெய்க்கு நான் கட்டிவிடுகிறேன், மகாராஜா. ஓடத்துறைக் குத்தகை யாருக்குப் போனது, உப்பளம் யாருக்குப் போனது என்று ஐயாவைக் கேளுங்கள். யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பதிலுக்கு யார் வாங்கினார்கள் என்றுதான் கேட்கிறேன்.”

சபையில் இரண்டு பேர் தோள்துண்டை எடுத்து மடியில் ஒளித்தார்கள். ராஜா அதைப் பார்த்துவிட்டார்.

செக்கு வரி அன்றே ஒழிந்தது. குடைக் கட்சியின் இரட்டை வரியை வாங்கும் வேலையை ராஜா மாடத்திக்கே கொடுத்தார். ஆளவந்தார் தவணை கேட்டு அவள் வாசலுக்கு வந்தார். நிற்கச் சொன்னாள். மூன்று நாள், உச்சி வெயிலில், குடை இல்லாமல் நின்றார் குடைக் கட்சித் தலைவர்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தாளாம். நானாக இருந்தால் அதையும் கொடுத்திருக்க மாட்டேன்.