நல்லதண்ணிக் குளத்து வழக்கு

எந்த ஆண்டு, எந்த மாதம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஊரைச் சுற்றிக் கோட்டையும், கோட்டைக்குப் பூட்டும் இருந்த காலம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் வல்லபராயன் என்றொரு அரசன் இருந்தான்.

அவன் கோட்டைக்கு வெளியே மூன்று சிறு கூட்டத்தார் குடியிருந்தார்கள். கிழக்கே உப்பு விளைவிப்பவர்கள். மேற்கே கோரைப்பாய் முடைபவர்கள். தெற்கே சுண்ணாம்பு சுடுபவர்கள். ஊரார் அவர்கள் உப்பைத் தின்றார்கள், அவர்கள் பாயில் படுத்தார்கள், அவர்கள் சுண்ணாம்பைச் சுவருக்குப் பூசினார்கள். ஆனால் கோட்டைக்குள் இருந்த நல்லதண்ணிக் குளத்தில் அவர்கள் யாரும் கால் வைக்கக் கூடாது. நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்.

மூன்று பேரும் சேர்ந்து போய்க் கேட்டிருக்கலாம். எங்கே? சந்தையில் பார்த்தாலே சண்டை.

"நீங்க பட்டதெல்லாம் ஒரு பாடா? எங்க உப்புப் பாத்தியில யானையை விட்டு மிதிச்சாங்க" என்பார்கள் உப்புக்காரர்கள். "எங்க குடிசைக்குத் தீ வச்சாங்க" என்பார்கள் பாய்க்காரர்கள். "இந்தக் கோட்டைச் சுவரு கட்டப் புடிச்சுட்டுப் போனாங்க, அதுக்கு அடியில கிடக்கிறது எங்க ஆளுக எலும்பு" என்பார்கள் சுண்ணாம்புக்காரர்கள். மூன்றும் மெய். மூன்றையும் செய்தது ஒரே அரண்மனை. அதை மட்டும் எவரும் சொன்னதில்லை.

ஒரு கோடையில் வெளியிலிருந்த ஊற்றுகள் எல்லாம் கெட்டுப்போயின. மூன்று குடியிருப்பிலும் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் துவண்டார்கள். மூன்று கூட்டமும் தனித்தனியே ஓடி அரசனிடம் முறையிட்டன.

அரசன் அமைச்சரைப் பார்த்தான். அமைச்சர் படு கெட்டிக்காரர். மறுநாளே பறை அறைந்தார்கள். குளத்தில் ஒரே ஒரு படித்துறை திறக்கப்படும். மூவரில் யார் அதிகம் துன்பப்பட்டவர்களோ அவர்களுக்கு மட்டும். நாளுக்கு ஒரு கூட்டமாக வழக்குச் சொல்லலாம். சாட்சி நின்ற வழக்குக்கு அன்றே பரிகாரம் உண்டு என்பது சபையின் பழைய விதி. ஆனால் அதே விதிப்படி சொந்தக் கூட்டத்தார் சாட்சி செல்லாது. வேறு கூட்டத்தார் வந்து சொல்ல வேண்டும்.

புரிகிறதா சூது? கோட்டைக்காரன் இவர்களுக்காக வாய் திறக்க மாட்டான். இவர்களும் ஒருவருக்கொருவர் வாய் திறக்க மாட்டார்கள். குளமும் பூட்டியே கிடக்கும், அரசனுக்கும் நல்ல பெயர்.

முதல் நாள் உப்பளத்து ஓடையப்பன் தொண்டை கட்டும்வரை பேசினான். சாட்சி இல்லை. இரண்டாம் நாள் பாய்க்காரர் தலைவர் கொம்பன் எரிந்த குடிசையிலிருந்து கரிந்துபோன ஒரு கழியைக் கொண்டுவந்து காட்டினார். சாட்சி இல்லை.

மூன்றாம் நாள் சுண்ணாம்புக்காரர் முறை. நீலாயி என்பவளை அனுப்பினார்கள். அவள் நாலு வயது மகள் இரண்டு நாளாகத் தலை தூக்கவில்லை. "பிள்ளையச் சொல்லி அழு, சபை இளகும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அவள் அழவில்லை. "மகாராசா, எங்க வழக்கு இருக்கட்டும். மொத நாள் வழக்குக்கு நான் சாட்சி" என்றாள்.

கூட வந்த அவள் அண்ணன்காரன் கையைப் பிடித்து இழுத்தான். அவள் நகரவில்லை.

"போன சித்திரையில உப்பளத்துப் பொம்பள ஒருத்தி கைக்குழந்தையோட எங்க ஊத்துக்குத் தண்ணிக்கு வந்தா. தடியெடுத்து விரட்டினது நான். கோட்டையில எங்கள என்ன சொல்லி விரட்டுனாங்களோ, அதையே சொல்லி விரட்டினேன். அவங்க பட்டது நெசம். அதுல எம் பங்கும் இருக்கு."

"படித்துறை ஒன்றுதான், பெண்ணே. அது அவர்களுக்குப் போனால் உன் பிள்ளை கதி?" என்றார் அமைச்சர்.

நீலாயி சொன்னாள்: "எம் பிள்ளைக்காகத்தான் வந்தேன். நாங்க இப்படியே அடிச்சுக்கிட்டு இருந்தா மூணு ஊருப் பிள்ளையும் போயிரும்."

ஓடையப்பன் எழுந்தான். "பாய்க்காரங்க குடிசைக்குத் தீ வைக்க வந்தவங்களுக்கு வழி காட்டினது எங்க தாத்தன். ரெண்டாம் நாள் வழக்குக்கு நான் சாட்சி."

இனி கொம்பன்தான் எழ வேண்டும். அவர் எழவில்லை. இரண்டு வழக்கு நின்றாயிற்று. தான் பேசாமலிருந்தால் போட்டிக்கு ஒரு ஆள் குறையும். அந்தக் கணக்கை அவர் போட்டார். நானும் போட்டிருப்பேன், நீங்களும் போட்டிருப்பீர்கள். கடைசியில் முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"சுவர் கட்ட ஆள் பிடிக்க வந்தப்ப, எங்கள விட்டுட்டு சுண்ணாம்புக்காரங்களப் புடிச்சுக்கோன்னு சொன்னது எங்க பாட்டன். அவங்க வழக்குக்கு நான் சாட்சி."

அரசன் விடவில்லை. "சரி, மூன்றில் எது பெரிது? நீங்களே சொல்லுங்கள்."

"அளக்கிறது எங்க வேலையில்ல, மகாராசா. மூணு வழக்குக்கும் சாட்சி நின்னுருச்சு. சாட்சி நின்னா அன்னிக்கே பரிகாரம்னு உங்க விதி, அதன்படி செய்யுங்க. அதுவரைக்கும் நாங்க எந்திரிக்கப் போறதில்ல" என்று நீலாயி தரையில் உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராக மூன்று கூட்டத்தாரும் வந்து உட்கார்ந்தார்கள். ஒரு கூட்டத்தை மட்டும் பிரித்து வெளியே இழுத்துப் போடலாம் என்று வந்த காவலர்களுக்கு யார் எந்தக் கூட்டம் என்று தெரியவில்லை.

அரசன் அமைச்சரைப் பார்த்தான். சபை விதியை மீற வழியில்லாமல் அமைச்சர் சாவியை எடுத்துக் கொடுத்தார். பொழுது சாய்வதற்குள் எல்லாப் படித்துறைகளும் திறந்தன.

நீலாயி குடத்தோடு இறங்கியபோது, தான் விரட்டிய அந்த உப்பளத்துப் பெண் அங்கே நின்றாள். பழசை மறந்து கட்டிக்கொண்டாள் என்று நான் கதை விட மாட்டேன். அவள் சிரிக்கக்கூட இல்லை. "உம் பிள்ளைக்கு மொதல்ல கொண்டு போ" என்று சொல்லி, நகர்ந்து வழி விட்டாள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: தன் காயத்தை மட்டும் காட்டுகிறவர்களுக்குப் பூட்டு திறக்காது; அடுத்தவர் காயத்துக்கும், அதில் தன் கை பட்டதற்கும் சாட்சி சொல்கிறவர்களுக்கே திறக்கும்.