தேவாங்கு ஏன் தாவுவதில்லை

எல்லா உயிரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், தேவாங்குக்கு வால் இருந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், உடம்பைவிட நீளமான வால். தொடை இரண்டும் உருண்டு திரண்டிருக்கும். கிளை ஆடுவதைப் பார்த்துத்தான் தேவாங்கு போய்விட்டது என்றே மற்றவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கூட்டத்திலேயே வேகமானவள் கொடியாள். அவள் இருந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் அங்கே பழுப்பது ஓடைக்கு அக்கரையில் நின்ற ஒற்றை அத்திமரம் மட்டும்தான். அது யாருக்கு என்பதைத் தேவாங்குகளும் குரங்குகளும் கடித்துத் தீர்க்கவில்லை, தாவித் தீர்த்துக்கொண்டார்கள். ஆடி மாதம் முடிந்ததும் தேவாங்குகளில் ஒருவரும் குரங்குகளில் ஒருவரும் இக்கரை வேம்பிலிருந்து ஒன்றாகப் பாய வேண்டும். அத்திக் கிளையை முதலில் தொட்டவரின் கூட்டத்துக்கு அந்த ஆண்டுப் பழம். தோற்ற கூட்டம் மலையிறங்கி முள்ளுக்காட்டில் கிடைத்ததைத் தின்ன வேண்டும். அப்படி இறங்கியவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்ததில்லை.

மூன்று முறை கொடியாள்தான் முதலில் தொட்டாள். நான்காம் முறை வந்தபோது அவளுக்குப் பிள்ளை பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இடுப்பு கனத்துப்போயிருந்தது. பழகிப் பார்த்ததில் பாய்ச்சல் ஒரு முழம் குறைந்தது.

அவள் புருஷன் பொத்தையன் பதறவில்லை. "புள்ள பெத்த ஒடம்பு அப்படித்தான் இருக்கும். வயிறாரத் தின்னு, நல்லா ஒறங்கு. காலுக்குப் பெலம் தானா வரும்" என்றான்.

நல்ல பேச்சுதான். ஆனால் பயந்தவள் காதில் நல்ல பேச்சு என்றைக்கு ஏறியது? இத்தனை பேர் வயிறும் தன் காலில் தொங்குகிறது என்று அவள் நினைத்தாள். அது பொய்யும் இல்லை. கனம்தான் தன்னைக் கீழே இழுக்கிறது, கனத்தைக் குறைத்தால் வேகம் வரும் என்று முடிவு கட்டினாள்.

அன்றிலிருந்து பட்டினி. முதலில் வயிறு ஒட்டியது. பாய்ச்சலும் கொஞ்சம் கூடியது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் பட்டினி கிடந்தாள். பிறகு தொடை கரைந்தது, கை குச்சியானது. பாய்ச்சல் மறுபடி குறைந்தது. இன்னும் கனம் இருக்கிறது போல என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அந்த நேரம் பார்த்து ஒரு பல்லி, பாம்பிடம் வாலை விட்டுவிட்டு, பாறைமேல் விருட்டென்று ஓடியது. கொடியாள் அதை நிறுத்தி விசாரித்தாள். வால் போனதும் உடம்பு லேசாகிவிட்டதாகப் பல்லி பெருமையடித்தது. தனக்கு அது மறுபடி முளைக்கும் என்பதைச் சொல்ல அதற்குத் தோன்றவில்லை. இவளும் கேட்கவில்லை. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டது என்பார்கள். இவள் பல்லியைப் பார்த்துப் போட்டுக்கொண்டாள். பாறையோடு ஒட்டி ஓடுகிறவனுக்கு வால் இல்லாமலும் காலம் ஓடும். காற்றில் பாய்கிறவளுக்குத் திரும்பவும் நிமிரவும் வால்தானே துணை? பாறை இடுக்கில் வாலைச் செருகி, கல்லைப் போட்டு நசுக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

அடுத்த நாள் போட்டி. தேவாங்குகள் சாட்சிக்காக அக்கரை அத்தியில் கூடின. பொத்தையனும் அங்கேதான் இருந்தான். குரங்குகள் வேம்பில் ஏறி உட்கார்ந்தன. கொடியாள் பிள்ளையை வேம்பிலேயே ஒரு கிளையைப் பற்றிக்கொள்ள விட்டுவிட்டுப் பாய்ந்தாள்.

ஒரே ஒரு நேர்ப்பாய்ச்சலுக்கு அந்த உடம்பில் பலம் மிச்சம் இருந்தது. குரங்கைவிட ஒரு விரற்கடை முந்தி அத்தியைத் தொட்டாள். அக்கரை முழுக்க ஆரவாரம்.

தோற்ற துயரத்தில் குரங்குகள் வேம்பில் குதித்து அலறின. மழையில்லாமல் காய்ந்த மரம் அது. பிள்ளை இருந்த கிளை முறிந்து, பட்டையில் தொங்கியது. குரங்குகள் சிதறி ஓடின. நுனியில் பிள்ளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

கொடியாள் நின்ற இடத்திலேயே திரும்பிப் பாய்ந்தாள். போன ஆண்டுக் கொடியாளாக இருந்தால் பட்டை கிழிவதற்குள் பிள்ளை அவள் மார்பில் இருந்திருக்கும். இந்தக் கொடியாளை உந்தித் தள்ளத் தொடையில் சதை இல்லை. காற்றில் புரண்ட உடம்பை நிமிர்த்த வால் இல்லை. பாதி வழியில் கவிழ்ந்து கரைப் புதரில் விழுந்தாள். அவள் தலை தூக்கிப் பார்த்தபோது பிள்ளை ஓடைப் பாறையில் கிடந்தது.

பொத்தையன் இறங்கி வந்து பிள்ளையை எடுத்தான். அவளை ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

"கனமெல்லாம் போச்சுங்க" என்றாள் கொடியாள். "இப்ப ஒண்ணுமே இல்ல."

அந்த ஆண்டு அத்தி கொத்துக்கொத்தாகப் பழுத்தது. கூட்டம் பிழைத்தது. அவள் ஒரு பழத்தைக்கூடத் தொடவில்லை. எறும்பும் பூச்சியும் தின்று கிடந்தாள். பாறையைப் பார்த்துப் பார்த்துக் கண் பெருத்துப்போனது. பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு வால் முளைக்கவில்லை. அவற்றுக்கு அவள் தாவவும் கற்றுத் தரவில்லை.

அன்று முதல்தான் தேவாங்கு அந்தக் குச்சிக் கால்களோடு அடிமேல் அடி வைத்துப் போகிறது. மெலிந்தவனைக் கண்டால் அதன் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறோம், சோம்பேறி விலங்கு என்றும் சொல்கிறோம். அதற்குச் சோம்பல் இல்லை. முன்கை ஒரு கிளையை இறுகப் பற்றும்வரை பின்கால் பழைய கிளையை விடுவதில்லை, அவ்வளவுதான்.