உயர்நிலைப் பாடத்தின் முதல் சிக்கல்

பாலிடெக்னிக் முடித்த பூங்கோதை, கல்லூரியில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவள். இறுதியாண்டில் அதுவே வினையாகிவிட்டது. தன் அறை வாசலில் வரிசையாக நின்ற மாணவர்களுக்கெல்லாம் கேட்கும்படி டீன் வைத்தியலிங்கம் அவளை அதட்டினார்.

"உயர்நிலைப் பொதுப்பாடம் படிக்காம பட்டம் கிடையாதும்மா."

"படிக்கிறேன் சார்."

"அடிப்படைப் பாடம் முடிக்காம அதுல சேர முடியாது."

"அப்ப அதை முடிச்சுடறேன் சார்."

"அது முதலாண்டுக்காரங்களுக்கு மட்டும்தான்!"

பூங்கோதைக்குத் தலை சுற்றியது. வேலை கிடைத்தாயிற்று; பட்டம் இல்லையென்றால் அதுவும் போய்விடும்.

"நான் முதலாண்டே படிக்கலையே சார்?"

"அது உன் பாடு. விதி விதிதான்."

"அந்த உயர்நிலைப் பாடத்துல என்ன சார் சொல்லித் தருவாங்க?"

டீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சிக்கலைத் தீர்க்கறது எப்படின்னு. நானேதான் நடத்தறேன்."

"நல்லதாப் போச்சு சார். முதல் வகுப்புல என் சிக்கலையே எடுத்துத் தீர்த்துக் காட்டுங்க. நான் வெளியே ஜன்னலோரம் நின்னு கேட்டுக்கறேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. டீன் விதியை மனதுக்குள் முன்னும் பின்னுமாகப் புரட்டிப் பார்த்தார். கடைசியில், "உள்ளேயே வந்து உட்காரு" என்றார்.

உட்கார்ந்தாள், தேறினாள், வேலைக்கும் போய்விட்டாள். எந்த விதிப்படி அவளைச் சேர்த்தோம் என்று டீனுக்கு இன்னும் புரியவில்லை. அன்று வரிசையில் நின்ற எனக்கும்தான்.