தாம்பாளத்தில் தெற்கு எங்கே?

முன்னொரு காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்ன காலத்தில், திரைமங்கலம் என்று ஒரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேடாதீர்கள். நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்த நாட்டை ஆண்டவர் பெருவாகை மன்னர். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதை நம்பிவிடுவார். அதனால் சபையில் எல்லோரும் கடைசியாகப் பேசவே காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பில் எப்போதும் ஜெயித்தவர் ஒரு மந்திரவாதி. எந்நேரமும் கையில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு திரிவார். ஊரார் அவரைத் தாம்பாளத்தார் என்றே அழைத்தார்கள்.

"மகாராஜா, உலகம் இந்தத் தாம்பாளம் மாதிரி தட்டை. கப்பல்கள் தெற்கே போய்ப் போய் விளிம்பைத் தேய்த்துவிட்டன. கடல் ஒழுகிக்கொண்டிருக்கிறது," என்றார் அவர் ஒரு நாள்.

மறுநாள் காலை மன்னர் மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். தண்ணீர் பின்வாங்கிச் சேறு தெரிந்தது. கடல் தினமும் இப்படி வற்றி ஏறும் என்று கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். மன்னர் அவ்வளவு சீக்கிரம் எழுந்ததே அன்றுதான்.

"ஒழுகத்தான் செய்கிறது," என்றார்.

சாயங்காலம் தண்ணீர் திரும்ப ஏறியது. "என் மந்திரம்," என்றார் தாம்பாளத்தார்.

உடனே உத்தரவு பிறந்தது. மூன்று நாளுக்குள் துறைமுக வாயில் பாறாங்கற்களால் அடைக்கப்பட்டுவிடும். வெளியே போயிருக்கும் கப்பல்கள் விளிம்பிலிருந்து விழுந்துவிட்டதாகக் கொள்ளப்படும். வீட்டார் ஆகவேண்டிய காரியங்களைச் செய்துகொள்ளலாம்.

வெளியே போயிருந்தது ஒரே கப்பல். கிராம்பு ஏற்றத் தெற்கே போனது. அதில் பதினாறு ஆட்கள். கப்பலின் தலைவர், அதாவது தண்டல், சுடலைக்கண்ணு. அவர் மனைவி முத்துப்பேச்சியும் கப்பல் ஓட்டத் தெரிந்தவள். ஒரு பயணம் அவர், அடுத்த பயணம் இவள். இந்தத் தடவை அவர் முறை.

முத்துப்பேச்சி உத்தரவைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து, எண்ணெய்க் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தாள். கிண்ணத்தில் ஒரு இரும்பு மீன் மிதந்தது. கிண்ணத்தை எப்படித் திருப்பினாலும் வடக்கே பார்க்கும் மீன். அது பேசவும் செய்யும். சில சமயம் தேவைக்கு மேலேயே பேசும்.

"உன் தம்பி என்ன சொல்றான்?" என்று கேட்டாள். ஒரே இரும்பில் அடித்த இன்னொரு மீன் சுடலைக்கண்ணுவின் கப்பலில் இருந்தது.

"வடக்கே பாக்கறான். இங்க வர்றதுக்கு அவங்களுக்கு வடக்கேதான வரணும். எண்ணெய் மாத்தலேன்னு புலம்பறான். உம் புருஷனுக்கு எதுக்கும் சோம்பல்."

"எத்தனை நாள்ல வருவாங்க?"

"நாலு."

மூன்று நாளில் வாயில் அடைபடும். நாலாம் நாள் கப்பல் வரும். வாயிலுக்கு வெளியே முழுக்கப் பாறை, அலை; கப்பல் நிற்க இடமில்லை. முத்துப்பேச்சி கிண்ணத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாள்.

தாம்பாளத்தாரோடு வாதாடப் போவது விளையாட்டில்லை. அவர் மந்திரக்கோலுக்கு ஒரு சட்டம் உண்டு. தெரியாமல் தப்பாகச் சொன்னால் மன்னித்துவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றால், யாராக இருந்தாலும் நண்டாக்கிவிடும். தெரிந்தே பொய் சொன்னாலும் நண்டு. ஏற்கெனவே இரண்டு புலவர்கள் நண்டாகி, சபையில் ஒரு குடத்துக்குள் கிடந்தார்கள்.

சபையில் முதல் தகராறு மீனால் வந்தது. மன்னர் தெற்குப் பக்கம் அமர்ந்திருந்தார். மீன் வடக்கே பார்த்தது. அதன் வால் நேராக மன்னரை நோக்கி நீண்டிருந்தது.

"மன்னருக்கு முதுகு காட்டுகிறதே," என்றார் மந்திரி.

காவலன் கிண்ணத்தைத் திருப்பினான். மீன் வடக்கே திரும்பியது. மறுபடி திருப்பினான். மீன் மறுபடி வடக்கே திரும்பியது. மூன்றாம் முறை திருப்பினான்.

"எனக்குத் தலை சுத்துது," என்றது மீன். "மரியாதை இல்லேன்னு நெனக்காதீங்க மகாராஜா. என் பொழப்பு அப்படி. நீங்க இந்தப் பக்கம் வந்தா நல்லாப் பாத்துப் பேசலாம்."

மன்னர் யோசித்தார். பிறகு நாலு பேர் சிம்மாசனத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வடக்குப் பக்கம் வைத்தார்கள்.

"இப்ப சரி," என்றது மீன்.

முத்துப்பேச்சி கும்பிட்டாள். "மகாராஜா, என் புருஷன் விழல. வந்துக்கிட்டு இருக்காரு. துறைமுக வாயில அடைக்க வேண்டாம். ஐயாகிட்ட நான் மூணு கேள்வி கேக்கணும்."

தாம்பாளத்தார் சிரித்தார். "மூன்றும் முடிவதற்குள் உனக்குக் கொடுக்கு முளைக்காவிட்டால் சரி. கேளம்மா."

"ஒண்ணாவது கேள்வி. உங்க தாம்பாளத்துல வடக்கு எங்க, தெற்கு எங்க?"

"நடுப்புள்ளிதான் வடக்கு. அதற்கு நேர் மேலே துருவ நட்சத்திரம். சுற்றியிருக்கும் விளிம்பு முழுவதும் தெற்கு. நடுவைச் சுற்றிப் போனால் ஒரு பக்கம் கிழக்கு, எதிர்ப்பக்கம் மேற்கு."

"விளிம்பு முழுக்கவா தெற்கு?" என்றார் மன்னர். "என் சமையலறை தெற்கே இருக்கிறதே."

"அதுவும் தெற்குதான் மகாராஜா."

"என் மாமனார் ஊர்?"

"அதுவும்தான்."

"அவர் சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்று சொல்லியிருந்தேன்," என்று மன்னர் கவலைப்பட்டார்.

"ரெண்டாவது கேள்வி," என்றாள் முத்துப்பேச்சி. "தாம்பாளத்து நடுவுல உயரமா ஒரு விளக்கு வச்சா, அதுதான் துருவ நட்சத்திரம்னு வச்சுக்குவோம். தாம்பாளத்துல எந்த இடத்துல நின்னா அது கண்ணுக்கு மறையும்?"

"எங்கே நின்றாலும் மறையாது. தட்டையில் எது மறைக்கும்?"

"பாத்துருவமா?"

விளக்கை ஏற்றி நடுவில் வைத்தார்கள். குடத்திலிருந்து ஒரு புலவர் நண்டை எடுத்துத் தாம்பாளத்தில் விட்டார்கள். அது பக்கவாட்டில் நடந்தது.

"தெரியுதாங்க ஐயா?" என்று கேட்டாள்.

"தெள்ளத் தெளிவாகத் தெரிகிறது, தாயே," என்றது நண்டு. உருவம் போனாலும் புலமை போகவில்லை. விளிம்பு வரை போனது. "இங்கும் தெரிகிறது. இறக்கிவிட்டால் நன்று. காலில் பித்தளை சுடுகிறது."

முத்துப்பேச்சி ஒரு பெரிய பூசணிக்காயைக் கொண்டுவரச் சொன்னாள். விளக்கை அதன் உச்சியில் நட்டு, நண்டைப் பக்கத்தில் விட்டாள். நண்டு கீழே இறங்கியது. "தெரிகிறது. தாழ்ந்து தெரிகிறது. இப்போது... இல்லை. காணோம்."

சபை தாம்பாளத்தாரைப் பார்த்தது. அவர் முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது. "பூசணிக்காய் சமையலுக்கு. உலகத்துக்கு இல்லை," என்றார்.

"சரிங்க. மூணாவது கேள்வி." முத்துப்பேச்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பன்னிரண்டு வருஷம் முன்னால நீங்க கப்பல் ஜோசியரா இருந்தீங்க. உங்களை நம்பித்தான் திசை பாத்தாங்க. ரொம்பத் தெற்கே போய் அந்தக் கப்பல் வழி தப்பிருச்சு. மேகம் மறைச்சு நட்சத்திரம் தெரியலேன்னு நீங்க சொன்னதா ஊர்ல சொல்றாங்க. அன்னைக்கு மேகம் இருந்துச்சா?"

தாம்பாளத்தார் வாயைத் திறந்தார். மூடினார். கையிலிருந்த கோல் லேசாக நடுங்கி, அவர் பக்கமே திரும்பியது. அவருடைய சுண்டுவிரல் சிவந்து கொடுக்கு மாதிரி வளைந்தது.

"வழி தப்புறது குத்தமில்ல ஐயா," என்றாள். "எம் புருஷன் மூணு தடவ தப்பியிருக்காரு. ஒரு தடவ நம்ம துறைமுகத்துக்குள்ளயே."

"அது உண்மை," என்றது மீன். "என் தம்பி சொல்லச் சொல்லக் கேக்கல."

யாரோ சிரித்தார்கள். தாம்பாளத்தார் சிரிக்கவில்லை. வளைந்த விரலை மறு கையால் பொத்திக்கொண்டு பேசினார்.

"மேகம் இல்லை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. நட்சத்திரம் நாளுக்கு நாள் தாழ்ந்தது. ஒரு நாள் காணவே காணோம். உலகத்தின் விளிம்புக்கு வந்துவிட்டோம், விழப்போகிறோம் என்று நினைத்தேன். கப்பல் அறைக்குள் போய்ப் போர்வையை மூடிப் படுத்தவன்தான். கரை வந்த பிறகுதான் எழுந்தேன். யாரும் இனி அங்கே போகக்கூடாது என்றுதான்..."

சொல்லிவிட்டுக் கோலை முழங்காலில் வைத்து ஒடித்தார். விரல் நேரானது. பூசணிக்காய் மேல் ஒரு புலவர் உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் தலையில் குடத்தோடு எழுந்து நின்றார். இருவரும் வீடு போகும்வரை பக்கவாட்டிலேயே நடந்தார்கள்.

நட்சத்திரம் மறைந்தது என்றால் உலகம் தாம்பாளம் இல்லை, பூசணிக்காய்தான் என்று மன்னருக்கும் புரிந்தது; உத்தரவைக் கிழித்தார். ஏற்கெனவே போட்ட கற்களை எடுக்க எல்லோரும் கடலில் இறங்கினார்கள். தாம்பாளத்தாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

நாலாம் நாள் காலை முதலில் ஒரு கொடி தெரிந்தது. பிறகு பாய். பிறகு கப்பல்.

"கடலுக்குள்ளிருந்து முளைக்கிறதே," என்றார் மன்னர்.

சுடலைக்கண்ணு இறங்கினார். மனைவியின் கைகள் முழுக்கக் கல் உரசிய காயத்தைப் பார்த்தார். "என்ன பேச்சி இது?"

"ஒண்ணுமில்ல. மொதல்ல மீனுக்கு எண்ணெய் மாத்துங்க," என்றாள். சொல்லிவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

தாம்பாளத்தார் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். "தம்பி, உனக்கும் அந்த நட்சத்திரம் காணாமல் போனதா?"

"போச்சுங்க. எல்லாருக்கும் போகும். திரும்பி வர்றப்ப மறுபடி எந்திரிச்சு வரும். நீங்க பாக்கலயா?"

"போர்வைக்குள் இருந்தேன்," என்றார் தாம்பாளத்தார்.

அடுத்த பயணம் முத்துப்பேச்சியின் முறை. தாம்பாளத்தாரும் கூடவே ஏறினார். போகும்போது ஒவ்வொரு நாளும் வாந்தி எடுத்தார், ஒவ்வொரு நாளும் திரும்பிவிடலாமா என்று கேட்டார், ஒவ்வொரு நாளும் கேட்டதற்கு மன்னிப்பும் கேட்டார். திரும்பும் வழியில் ஒரு அந்தியில், வடக்கே கடல் முடிகிற இடத்தில், சின்னதாக ஒரு வெளிச்சம் எட்டிப் பார்த்தது. அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாளைக்கும் வருமா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒரு விரல் மேலயே வரும் ஐயா," என்றாள் முத்துப்பேச்சி, சுக்கானைப் பிடித்தபடி.