விளக்கு எரிந்தால் ஓட்டக் கூடாது

கோணப்பட்டியில் சொந்த வேன் வைத்திருந்த ஒரே ஆள் சீரங்கன். முப்பத்தொன்பது வயதில் அவனுக்குப் பெண் அமைந்ததே அந்த வேனால்தான். பெண்ணின் அப்பா சங்கிலி கறாராகச் சொல்லியிருந்தார்: பத்து மணிக்குள் மாப்பிள்ளை சொந்த வேனில் வந்து இறங்க வேண்டும். இல்லையென்றால் பெண்ணுக்கு அத்தை மகன் ஒருவன் தயாராக இருக்கிறான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வேன் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பிரேக் கெட்டால் எரிய வேண்டிய எச்சரிக்கை விளக்கு இந்த வேன்களில் எரிவதில்லையாம். சரிசெய்வது இலவசம் என்றதும் சீரங்கன் பறந்து போய் விளக்கைச் சரிசெய்துகொண்டு வந்தான். கூடவே ஒரு சீட்டும் கொடுத்தார்கள். 'விளக்கு எரிந்தால் வண்டியை ஓட்டக் கூடாது.'

கல்யாணத்தன்று காலை, சீரங்கனின் அண்ணன் வடமலை சாவியைத் திருகினான். விளக்கு சிவப்பாக எரிந்தது.

ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தால் அந்த விளக்கு எரியத்தான் செய்யும். ஆறு வருஷமாக எரியாத விளக்கு என்பதால், கோணப்பட்டிக்கு அது தெரியாமல் போயிற்று.

"பிரேக் போச்சு" என்றான் வடமலை.

"ஹேண்ட் பிரேக்கை இறக்கிப் பாப்பமாண்ணே?" என்றான் சீரங்கன்.

சீட்டைக் கையில் வைத்திருந்த மச்சான் தவசிக்குக் கோபம் வந்துவிட்டது. "பிரேக்கே இல்லாத வண்டியில பிடிச்சுக்கிட்டு நிக்கிறது அது ஒண்ணுதான். அதையும் விடச் சொல்றீரா மாப்ளே?"

நியாயமாகத்தான் பட்டது.

"சீட்டுல ஓட்டக் கூடாதுன்னுதான போட்டிருக்கு? தள்ளக் கூடாதுன்னு இல்லையே?" என்று கேட்டான் வடமலை. தவசி சீட்டின் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு இல்லை என்றான்.

நாற்பது பேர் சேர்ந்து, ஹேண்ட் பிரேக் இழுத்த வேனை இரண்டு கிலோமீட்டர் தள்ளினார்கள். சக்கரம் சுற்றவில்லை, தேய்ந்தது. உள்ளே மாலையோடு உட்கார்ந்திருந்த சீரங்கன் விளக்கையே பார்த்து, அணைஞ்சிரு தாயே என்று வேண்டிக்கொண்டே வந்தான். அத்தை மகன் வேறு அடிக்கடி ஞாபகத்துக்கு வந்தான்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் குளத்து மேட்டிலிருந்த பந்தலை அடைந்தார்கள். விஷயத்தைக் கேட்ட சங்கிலி, வேனுக்குள் கைவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். விளக்கு அணைந்தது. நாற்பது பேரும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"சரிவா இருக்கு, மறுபடி இழுத்து விடுங்கப்பா" என்றார் அவர்.

"வேண்டாம் மாமா. இழுத்தா பிரேக் போயிரும்" என்றான் சீரங்கன்.

மணவறையில் அவன் தாலியைக் கையில் எடுத்தபோது, வேன் மெதுவாகக் குளத்தை நோக்கி இறங்கியது. வடமலை கூடவே ஓடி உள்ளே எட்டிப் பார்த்தான்.

"விளக்கு எரியுதாண்ணே?" என்று மணவறையிலிருந்தே கேட்டான் சீரங்கன்.

"எரியல."

"அப்பச் சரி, போகட்டும்" என்று நிம்மதியாக மூன்று முடிச்சையும் போட்டான்.

பிறகு மாலையும் கழுத்துமாக இருந்த மாப்பிள்ளை, பெண்ணோடு எல்லோரும் குளக்கரைக்குப் போனார்கள். வேன் முழுசாக முங்கியிருந்தது. ஒயரில் தண்ணீர் ஏறியதாலோ என்னவோ, அடியில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஓட்டக் கூடாது என்று தவசி சீட்டை எடுத்துக் காட்டினான். அணைகிற வரைக்கும் காத்திருப்பது என்று முடிவாகி, பந்தியைக் கரையிலேயே போட்டார்கள்.

சாப்பிட்டு முடித்தும் அது அணையவில்லை. புதுப்பெண் பவளக்கொடி குளத்தைப் பார்த்துக் கவலையோடு சொன்னாள்: "தண்ணிக்குள்ள போட்டும் அணையலன்னா, நெருப்பு ரொம்பப் பெருசுதாங்க."