வெண்ணியின் மூன்றாவது பகடை

மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, யாரையும் விசாரிக்காமல் போய்விடுகிற மலைவீடு அது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று பேர் அங்கே ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். எமரன்சி டீச்சர் கதை சொல்வார். அருளப்பனும் ஜெசிந்தாவும் அந்தக் கதைக்குள் போய் வாழ்வார்கள். அருளப்பன் ஓடக்காரன். ஜெசிந்தா விளக்கேந்தும் வெண்ணி. நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை சொல்லும். பகடையை எப்போது உருட்டுவது என்பதை விதிப்புத்தகம் சொல்லும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் ஆட்டம்.

அருளப்பன் டீச்சரைவிட நாலு வயது மூத்தவர். ஆனாலும் ஆட்டத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது டீச்சர். அந்த மேசையில் அவர் சீடர்தான்.

அன்று மேசைமேல் விதிப்புத்தகத்தின் புதிய பதிப்பு இருந்தது. வழவழப்பான தாள். படத்துக்குப் பஞ்சமில்லை. போர்க்களத்தில் செத்துக்கிடந்தவனுக்குக்கூடத் தலைமுடி கலையவில்லை.

கதையில், ஆற்றின் அக்கரையில், வெண்ணி அம்பு பட்டு விழுந்துவிட்டாள். புதிய விதிப்படி விழுந்தவள் தனியாக மூன்று முறை பகடை உருட்ட வேண்டும். யாரும் குறுக்கே வரக் கூடாது. மூன்றும் தவறினால் அவள் இல்லை. ஜெசிந்தாவுக்கு இரண்டு தவறிவிட்டது.

மூன்றாவதுக்கு அவள் கையை நீட்டுமுன் அருளப்பன் பகடையைப் பொத்திவிட்டார்.

"என்ன அநியாயம் டீச்சர் இது? பழைய புத்தகத்துல இப்படியா இருந்துச்சு? விழுந்தவங்க கையைக் கூட்டாளி பிடிச்சிருக்கிற வரைக்கும் சாவுப் பகடை உருட்டக் கூடாது. அதுதான் விதி!"

"அண்ணே, சாகப்போறது நான். கத்துறது நீங்க," என்றாள் ஜெசிந்தா, முறுக்கை ஒடித்தபடி. ஒடித்த முறுக்கை அவள் தின்னவில்லை.

"அந்த விதி எங்கே இருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

"நாற்பத்தோராம் பக்கம். கொக்குப் படத்துக்குக் கீழே."

"எடுத்துட்டு வாங்க."

"இருந்தா?"

"இருந்தா இந்தப் புதுசை அடுப்புல போட்டுடறேன். வெந்நீராவது காயட்டும்."

அருளப்பன் எழுந்து தன் வீட்டுக்கு ஓடினார்.

வெளியே பாதையை மேகம் விழுங்கியிருந்தது. அந்த மலையில் ஆறு கிடையாது. ஆனாலும் இறக்கம் முழுக்க அவருக்குத் துடுப்புச் சத்தம் கேட்டது. தைல மரங்கள் நாணல்போல் வளைந்து நிமிர்ந்தன. முழங்கால்வரை நனைந்த மாதிரி இருந்தது. குனிந்து பார்க்கத் துணிவில்லை. எங்கோ பின்னால் ஒரு விளக்கு, எண்ணெய் தீரும்போது மூச்சு வாங்குவதுபோல், மங்கி மங்கி எரிந்தது. வீட்டு வாசலில் வந்து நின்றது ஓடக்காரனா, அருளப்பனா என்று அவருக்கே நிச்சயமில்லை.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இப்பத்தான் துடைச்சேன்," என்றாள் மனைவி.

அருளப்பன்தான்.

பழைய புத்தகத்தை நின்றுகொண்டே புரட்டினார். நாற்பத்தோராம் பக்கத்தில் கொக்கு இருந்தது. அதன் கீழே, ஓடத்துக்குக் கயிறு எத்தனை முழம் என்று போட்டிருந்தது. முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். கடைசியிலிருந்து முதல்வரை பார்த்தார்.

திரும்பி மேடேறி வந்தபோது துடுப்புச் சத்தம் இல்லை.

"காணோம் டீச்சர்."

"பக்கம் கிழிஞ்சிருக்குமோ?"

"எல்லாப் பக்கமும் இருக்கு."

"அப்ப கிழியலை," என்றார் டீச்சர். "முதல் வருஷம் ஒரு தடவை வெண்ணி விழுந்தா. ஞாபகம் இருக்கா? அவ சாவுப் பகடை உருண்டு அலமாரிக்கு அடியில போயிடுச்சு. நானும் ஜெசிந்தாவும் தரையில படுத்துத் தேடினோம். நீங்க இடத்தைவிட்டு அசையலை. எனக்கு வந்ததே கோபம்! 'என்ன சார், மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?'ன்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"'வெண்ணி கையைப் பிடிச்சிருக்கேன் டீச்சர், விட்டா போயிடுவா'ன்னீங்க. பகடை என்னவோ கிடைச்சிடுச்சு. உருட்டுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

அருளப்பன் பழைய புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மேசைமேல் பகடை அவர் விட்டுப்போன இடத்திலேயே இருந்தது.

"அப்ப அது விதியே இல்லையா?"

"எழுதினவங்களுக்குத் தெரியாது."

"இந்தப் புதுசு?"

"படு மட்டம். நீங்க சொன்னதுல தப்பே இல்லை."

"அப்ப எந்தப் புத்தகப்படி ஆடறது டீச்சர்?"

மேகம் உள்ளே வந்து மேசையைச் சுற்றியது. ஜெசிந்தாவின் முகம் தெரியவில்லை.

"அது கிடக்கட்டும்," என்றார் டீச்சர். "நீங்க புத்தகம் தேடிட்டு வந்த இந்த ஒரு மணி நேரமா, வெண்ணி கையை யார் பிடிச்சிருந்தா?"