தோற்காத வம்சம்

"இந்தக் காவியத்தைத் தூக்கி அடுப்பில் போட்டுவிடலாம் போலிருக்கிறது, குரத்தியாரே!"

ஓலைக்கட்டைத் தொப்பென்று தரையில் போட்டார் நாகதத்தர்.

அவர் அரசவைக் கவிஞர். நரைத்த தலை. அவருக்கு யாப்பு சொல்லிக்கொடுத்தவர் மலைக்குகைப் பள்ளியில் இருந்த சமணப் பெண்துறவி. வயதில் நாகதத்தரைவிடச் சின்னவர். ஊரார் அந்தத் துறவியைக் குரத்தியார் என்பார்கள்.

"என்ன ஆயிற்று?"

"மன்னரின் வம்ச வரலாற்றை வடமொழிச் சுலோகங்களில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஏடுகளைப் படித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மன்னராவது தோற்க வேண்டாமா? அத்தனை பேரும் வென்றிருக்கிறார்கள்! எதிரியின் யானைகள் ஓடின, எதிரியின் மனைவியர் அழுதனர். எல்லாருக்கும் இதே பாட்டு, பெயர் மட்டும் வேறு."

"நீரும் அப்படித்தானே எழுதுவீர்?"

"எழுதித் தொலைக்க வேண்டுமே! போன ஆண்டுப் போரில் என் தம்பி செத்தான். நம் படை சிதறி ஓடியது. மன்னர் எதிரியின் காலில் விழுந்து உயிர் பிழைத்தார். அதையும் வெற்றி என்று எழுது என்கிறார். எழுதினால், என் தம்பி எப்படிச் செத்தான் என்று பின்னால் வருகிற ஒருவனுக்கும் தெரியாது. எழுதாவிட்டால் என் தலை இருக்காது."



குரத்தியாருக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. இவ்வளவு காலம் எழுதக் கற்றுக்கொண்ட மனிதர், படிக்கக் கற்றுக்கொள்ளவில்லையே!

அவரைக் குகை வாசலுக்கு அழைத்துப் போனார். அங்கிருந்து பார்த்தால் நாடு முழுவதும் தெரியும்.

"வம்சத்தின் முதல் மன்னர் எங்கே வென்றார்? கையை நீட்டிக் காட்டும்."

"கடற்கரையில்."

தூரத்தில் கோடாய்த் தெரிந்த கடலைக் காட்டினார் நாகதத்தர்.

"அவர் மகன்?"

"ஆற்றங்கரையில். இதையெல்லாம் எதற்குக் கேட்கிறீர்கள்?"

"கேட்டதற்குப் பதில் சொல்லும். பேரன்?"

"அதோ, அந்த ஏரிக்கரையில்."

நீட்டிய கை தாழ்ந்துகொண்டே வந்தது.

"இப்போதைய மன்னரின் தந்தை?"

"கோட்டை வாசலில்."

கை நேர்கீழே, மலையடிவாரத்தைக் காட்டியது. அப்படியே நின்றுவிட்டது.

நாகதத்தர் கடலையும் கோட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உம் தம்பி எங்கே விழுந்தார்?" என்று மெதுவாகக் கேட்டார் குரத்தியார்.

"அரண்மனை மடைப்பள்ளி வாசலில்."

"மன்னர் மடைப்பள்ளி வாசலில் மாபெரும் வெற்றி பெற்றார் என்று எழுதும்."